லால் குடும்பத்து மாத்திரைகள்: எது யாருக்கு, எதை எப்படி விழுங்குவது

புரோப்ரனலால், அட்டெனலால், மெட்டோபுரோலால், பிசோபுரோலால், கார்வெடிலால், நெபிவலால். எல்லாப் பெயரும் ‘லால்’ என்று முடிவதால், கடையில் ஒன்று இல்லையென்றால் இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆறுமே பீட்டா பிளாக்கர்தான். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் ஹார்மோன் இதயத்தை விரட்டாமல் தடுத்து, துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைப்பவை. ஆனால் மூச்சுக்குழாயைத் தொடுமா, ஈரல் வழியாக வெளியேறுமா சிறுநீரகம் வழியாகவா, சாப்பாட்டோடு எடுக்க வேண்டுமா என்று கேட்டால் ஆறும் ஆறு பதில் சொல்லும்.

மூத்தது புரோப்ரனலால். 1964இல் விற்பனைக்கு வந்தது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. அட்ரினலின் வந்து ஒட்டும் ஏற்பிகளில், இதயத்தில் இருக்கும் பீட்டா-1, மூச்சுக்குழாயில் இருக்கும் பீட்டா-2 இரண்டையும் அது அடைத்துவிடும். ஆகவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அறவே கூடாது. இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமாலும் அதே பீட்டா-2 வழியாகத்தான் வேலை செய்கிறது என்பதால், இளைப்பு வரும் நேரத்தில் இன்ஹேலரும் சரியாகக் கைகொடுக்காது. மேடை நடுக்கத்துக்கு நண்பர் கொடுத்த ஒரு மாத்திரை இப்படித்தான் ஆபத்தாகிறது. இன்னொரு பக்கம், இது கொழுப்பில் கரைந்து மூளைக்குள் போகும். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுப்பதற்கும் கைநடுக்கத்துக்கும் இதைத் தேடுகிறார்கள். தைராய்டு அதிகமாகிப் படபடக்கும்போதும், ஈரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாய் ரத்தநாளம் வெடிக்காமல் இருக்கவும் இது உதவுகிறது. கெட்ட கனவும் சோர்வும் வருவதற்கும் மூளைக்குள் போகும் அந்தக் குணம் ஒரு காரணம். வெறும் பி.பி.க்கு இன்று இதைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. அளவு மீறினால் இந்தக் குடும்பத்தில் மிக மோசமானவற்றுள் ஒன்று இது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள்.

அட்டெனலால் இதற்கு நேர் எதிர். நீரில் கரையும், மூளைக்குள் அதிகம் போகாது, கனவுத் தொல்லை குறைவு. ஆனால் வெளியேறுவது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக. சிறுநீரகம் தளர்ந்தால் மாத்திரை உடம்பில் தேங்கி நாடி மெதுவாகிக்கொண்டே போகும். சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் கீழே போனால் நாளுக்கு 50 மி.கி.க்கு மேல் கூடாது. 15க்குக் கீழே என்றால் 25 மி.கி. பத்து வருடமாக அதே மாத்திரையை விழுங்கிக்கொண்டு, ஐந்து வருடமாகக் கிரியேட்டினின் பார்க்காதவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கர்ப்ப காலத்தில் வயிற்றுக் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கக்கூடும் என்பதால் அப்போது பி.பி.க்கு இதே குடும்பத்து லாபெட்டலாலைத்தான் மருத்துவர்கள் நாடுவார்கள். 2002இல் வந்த லைஃப் ஆய்வில், அட்டெனலால் எடுத்தவர்களைவிட, வேறு வகை பி.பி. மருந்தான லோசார்ட்டான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் குறைவாக வந்தது. அறுபது தாண்டி, வேறு இதயக் கோளாறு இல்லாமல், பி.பி.க்காக மட்டும் அட்டெனலாலில் இருப்பவர் ‘இது இன்னும் தேவையா’ என்று மருத்துவரிடம் கேட்பதில் தப்பே இல்லை. தானாக நிறுத்துவதுதான் தப்பு.

அதிகக் குழப்பம் மெட்டோபுரோலாலில். பெயர் ஒன்று, மருந்து சேர்ந்திருக்கும் வேதி உப்பு இரண்டு. டார்ட்ரேட் வேகமாகக் கரைந்து வேகமாக இறங்கும்; பொதுவாக இரண்டு வேளை, சாப்பாட்டோடு. சக்சினேட் நாள் முழுக்கக் கசியும். ஒரு வேளை போதும். அட்டையில் சக்சினேட் 47.5 மி.கி. என்று போட்டு, அது டார்ட்ரேட் 50 மி.கி.க்குச் சமம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைப் பார்த்து ‘அளவு குறைந்துவிட்டது’ என்று பயப்பட வேண்டாம். சக்சினேட் மாத்திரையின் நடுவில் கோடு இருந்தால் பாதியாக உடைக்கலாம். பொடிப்பதும் மெல்லுவதும் கூடாது: நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே மணி நேரத்தில் இறங்கி, தலைசுற்றிக் கீழே தள்ளிவிடும். மூக்குக் குழாய் வழியாக உணவு போகும் நோயாளிக்கு வீட்டார் அதைப் பொடித்துக் கரைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. மனச்சோர்வுக்கான ஃப்ளுவாக்சிட்டின், பராக்சிட்டின் கூடச் சேர்ந்தால் ஈரல் மெட்டோபுரோலாலை உடைக்க முடியாமல் ரத்தத்தில் அளவு ஏறும். பிசோபுரோலாலுக்கும் அட்டெனலாலுக்கும் இந்தச் சிக்கல் இல்லை.

இதயம் பலவீனமாகி ரத்தத்தை வெளித்தள்ளும் திறன் குறைந்தவர்களுக்கு, உயிரைக் காக்கும் என்று பெரிய ஆய்வுகளில் நிரூபணமானவை மூன்று: பிசோபுரோலால், கார்வெடிலால், மெட்டோபுரோலால் சக்சினேட். அட்டெனலால் அந்த வரிசையில் இல்லை. அதனால் மலிவு என்று இந்த மூன்றுக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. தொடக்கம் எறும்பு நடைதான்: பிசோபுரோலால் 1.25 மி.கி. ஒரு வேளை, கார்வெடிலால் 3.125 மி.கி. இரு வேளை. குறைந்தது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உடம்பு தாங்குவதைப் பார்த்து ஏற்றுவார்கள். அளவு ஏற்றிய புதிதில் நீர் கோத்துக்கொள்ளலாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் மருத்துவரை அழையுங்கள்.

பிசோபுரோலால், கார்வெடிலால் இரண்டில் எது? கார்வெடிலால் ரத்தக்குழாயையும் தளர்த்தும். பி.பி. கூடவே அதிகம் என்றால் அது சாதகம், பி.பி.யின் மேல் எண் ஏற்கெனவே 100க்குப் பக்கத்தில் நிற்பவர் படுக்கையிலிருந்து எழும்போது கண் இருட்டும். அதைக் குறைக்கத்தான் கார்வெடிலாலைச் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வது. மருந்து உறிஞ்சப்படுவதை உணவு தாமதப்படுத்தும். கார்வெடிலால் பீட்டா-2ஐயும் அடைப்பதால், நுரையீரல் நோய் கூடவே இருந்தால் பிசோபுரோலால் பக்கம் சாய்வதே சரி. நெபிவலால் கைகால் சில்லிடுவதை அவ்வளவாகத் தருவதில்லை. ஈரல் கடுமையாகப் பழுதானவர்களுக்கு ஆகாது.

எதை எடுத்தாலும் திடீரென நிறுத்தக் கூடாது. மருந்து அடைத்து வைத்திருந்த காலத்தில் இதயம் அட்ரினலினுக்கு இன்னும் கூருணர்வு பெற்றிருக்கும். தடை விலகியதும் படபடப்பு, நெஞ்சுவலி, சிலருக்கு மாரடைப்பே வரலாம். ஒன்றிரண்டு வாரமாவது படிப்படியாக, மருத்துவர் சொல்படி குறைக்க வேண்டும். ஊருக்குப் போகும்போது அட்டை தீர்ந்துபோவதும், அறுவை சிகிச்சை அன்று வெறும் வயிறு என்று தாமாகவே விட்டுவிடுவதும் இதில் சேர்த்தி. மயக்க மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரட்டிப்பாக வேண்டாம்.

நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 50க்குக் கீழே இருந்தாலோ தலைசுற்றினாலோ அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். துடிப்பைக் குறைக்கும் வேறு மருந்துகளான வெராபமில் அல்லது டில்டியாசெம் கூட இருந்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு மெதுவாகலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு லோ சுகரின் படபடப்பும் நடுக்கமும் மறைந்துபோகும், வியர்வை மட்டும் மிஞ்சும். காரணமின்றி வியர்த்தால் உடனே சுகர் பாருங்கள்.

யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்று கண்ணில் விடும் டிமோலால் சொட்டு. கண் அழுத்த நோய்க்குத் தரும் இதுவும் பீட்டா பிளாக்கர்தான். மூக்குக்குள் வடிந்து ரத்தத்தில் கலந்து, மாத்திரையோடு சேர்ந்து நாடியைக் குறைக்கும், ஆஸ்துமாவையும் கிளப்பும். ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய ஓரத்தை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடியுங்கள். இதய மருத்துவரிடம் மருந்துப் பட்டியல் சொல்லும்போது அந்தக் குப்பியையும் காட்டுங்கள்.