"லினக்ஸ்ல தாராளமா ஓடும் சார்" என்று சொன்னால் நம்பி மோடம் வாங்காதீர்கள்

(2000-களின் தொடக்கத்தில், இணையம் தொலைபேசிக் கம்பியில் வந்த காலத்தில் எழுதியது.) அரை மாதச் சம்பளம் போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் போட்ட கணினிக்கு, மோடம் (தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தில் இணைக்கும் கருவி) மூலம் இணைய இணைப்பு போட நினைக்கும் யாராவது ஒருவராவது இதைப் படித்துத் தப்பிக்கட்டும்.

எங்கள் சின்ன அலுவலகத்தில் ஒரு பழைய பென்டியம் கணினி சும்மா கிடந்தது. அதில் லினக்ஸ் போட்டு, ஒரே தொலைபேசி இணைப்பை எல்லா மேசைகளுக்கும் பகிர்ந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தோம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் 2.4 பதிப்பும், இணைப்பைப் பகிர உதவும் ஐபிடேபிள்ஸும் வந்த பிறகு அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நல்ல மோடம் ஒன்று இருந்தால் போதும். என் வீட்டிலும் லினக்ஸ்தான் என்பதால் வீட்டுக்கும் சேர்த்து கணினிக்குள் செருகும் இரண்டு 56கே (நொடிக்கு 56 கிலோபிட் வேகம்) இன்டர்னல் மோடம் கார்டுகள் வாங்கினேன். பணம் என்னுடையது. அலுவலகத்துக்கான கார்டின் விலையைப் பிறகு தருவதாகப் பேச்சு. ஓடாத கார்டுக்கு இனி யார் தருவார்கள்?

வாங்கியது கணினி உதிரிபாகங்கள் மட்டுமே விற்கும் ஒரு பெரிய கடையில். பெயர் வேண்டாம். இந்த மாதிரிக் கடைகள் எல்லா இடத்திலும் இருக்கின்றன.

நான் விவரம் கேட்காமல் வாங்கவில்லை. "இது வின்மோடமா, இல்லை கன்ட்ரோலர் உள்ள முழு மோடமா? லினக்ஸில் போடப் போகிறேன்" என்று தெளிவாகக் கேட்டேன். (வின்மோடம் என்றால் தன் வேலையை விண்டோஸிடம் விட்டுவிடும் மலிவு மோடம்; சாஃப்ட் மோடம் என்பதும் அதுதான்.) விற்பவர் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "முழு மோடம்தான் சார். லினக்ஸ்ல தாராளமா ஓடும். பிசிஐ கார்டுங்கிறதால ஒரு தடவை செட்சீரியல் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். எங்க கடை சர்வர்லயே இதே கார்டுதான்" என்றார். பிசிஐ என்பது கணினிக்குள் கார்டு செருகும் ஸ்லாட்; செட்சீரியல் என்பது மோடம் பேசும் சீரியல் போர்ட்டை அமைக்கும் லினக்ஸ் கட்டளை. அந்தப் பெயரே தெரிந்த ஒருவர் பொய் சொல்வார் என்று யாருக்குத் தோன்றும்? லினக்ஸ் என்றாலே முழிக்கிற கடைகளுக்கு நடுவில் நம் ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். விலையும் சாஃப்ட் மோடத்தின் மலிவு விலை இல்லை, முழு மோடத்தின் விலை. பில்லில் "லினக்ஸில் இயங்கும்" என்று எழுதித் தரச் சொன்னேன். "அதான் நான் சொல்றேனே சார்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் மறக்க முடியவில்லை.

கார்டைப் போட்டு, பிசிஐ கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்ததுமே தெரிந்துவிட்டது. உண்மையான மோடமாக இருந்தால் "சீரியல் கன்ட்ரோலர்" என்று காட்டும், பக்கத்தில் 16550 என்ற சீரியல் சிப்பின் எண்ணும் வரும். இது "கம்யூனிகேஷன் கன்ட்ரோலர்" என்று காட்டியது. செட்சீரியலில் யுஏஆர்டி (சீரியல் போர்ட்டின் சிப்) தெரியாது என்றே வந்தது. மோடத்தோடு பேசும் மினிகாம் என்ற நிரலில் ஏடி என்ற கட்டளையை அடித்தால் ஓகே என்று பதில் வர வேண்டும். ஒன்றுமே வரவில்லை. இன்னொரு கார்டும் அப்படியே.

முழு மோடத்தில் இரண்டு வேலைகளைக் கார்டே செய்யும். ஏடி கட்டளைகளைப் புரிந்துகொண்டு பிழை திருத்தம், தரவுச் சுருக்கம் எல்லாம் பார்ப்பது கன்ட்ரோலர். தொலைபேசிக் கம்பியில் வரும் ஒலியைத் தரவாகவும் தரவை ஒலியாகவும் மாற்றுவது டிஎஸ்பி என்ற சிப். வின்மோடத்தில் கன்ட்ரோலர் இருக்காது, அதன் வேலையை விண்டோஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) செய்யும். சிலவற்றில் டிஎஸ்பியும் இருக்காது, எல்லாச் சுமையும் கணினியின் சிபியு தலையில். அந்த டிரைவர் இல்லாவிட்டால் அந்தக் கார்டு வெறும் தகடு. சில சிப்களுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு என்பது உண்மைதான். லூசென்ட் நிறுவனத்தின் சிப்புக்கு இருக்கிறது. ஆனால் அதன் முக்கியப் பகுதி மூல நிரல் தராமல், திருத்த முடியாத பைனரி கோப்பாகத்தான் வருகிறது. கர்னலை மாற்றும்போதெல்லாம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். என்னிடம் இருக்கும் சிப்புக்கு அதுவும் கிடையாது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. போன் செய்தால் "சிடியில டிரைவர் இருக்கும் பாருங்க". சிடியில் விண்டோஸ் டிரைவர்கள் மட்டும்தான். மறுபடி கேட்டால் "வேற டிஸ்ட்ரிபியூஷன் போட்டுப் பாருங்க". டிஸ்ட்ரிபியூஷன் என்றால் லினக்ஸின் தொகுப்பு வகை; இல்லாத டிரைவரை எந்தத் தொகுப்பு கொண்டுவரும்? அடுத்து "கம்பெனிக்கு மெயில் போடுங்க". போட்டேன். லினக்ஸுக்கு ஆதரவு இல்லை, விற்பனையாளரை அணுகவும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

நேரில் போனேன். வேறொருவர் வந்து, என் கண் முன்னாலேயே கார்டை ஒரு விண்டோஸ் கணினியில் போட்டு டயல் செய்து காட்டினார். "பாருங்க, பொருள் நல்லாத்தான் இருக்கு. சீல் உடைச்சதைத் திரும்ப எடுக்க மாட்டோம்." எனக்கு விற்றவரைக் கூப்பிடச் சொன்னேன். வந்தார். "நான் ஓடும்னு சொல்லலையே சார், ஓடலாம்னுதான் சொன்னேன்" என்றார். கடை சர்வரில் இருப்பதாகச் சொன்ன கார்டைக் காட்டுங்கள் என்றேன். சர்வர் வேறு இடத்தில் இருக்கிறதாம். கடைசியில் இரண்டு கார்டையும் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டு அந்தத் தொகைக்கு ஸ்பீக்கர் தருகிறேன் என்றார்கள். என் அரை மாதச் சம்பளத்துக்கு ஸ்பீக்கர்! "யார் சார் லினக்ஸெல்லாம் போடுறாங்க, பேசாம விண்டோஸ் போடுங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல். நான் என்ன போட வேண்டும் என்று கேட்கவா போனேன்?

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனம் ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்.

முடிந்தால் சீரியல் போர்ட்டில் மாட்டும் எக்ஸ்டர்னல் மோடமே வாங்குங்கள். டிரைவரே வேண்டாம், எந்த அமைப்பிலும் ஓடும், லினக்ஸ் ஆனாலும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் ஆனாலும். பழைய கணினி என்றால் அதன் சீரியல் போர்ட் 16550ஏ வகையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய 16450 என்றால் 56கே வேகத்தில் தரவு தவறலாம். யுஎஸ்பி மோடம் என்றால், அவற்றுக்கான பொதுத் தரமான ஏசிஎம்மில் இயங்குவது மட்டும்.

பெட்டியில் எச்எஸ்பி, எச்சிஎஃப், எச்எஸ்எஃப், கன்ட்ரோலர்லெஸ் என்று எது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள், எல்லாம் வின்மோடத்தின் வகைகள்தான். "எம்எம்எக்ஸ் உள்ள பென்டியம் தேவை" என்று சிபியு வகையைக் குறிப்பிட்டிருந்தாலும் அப்படியே. முழு மோடத்துக்கு உங்கள் சிபியுவைப் பற்றி என்ன கவலை? வின்மோடங்களை லினக்ஸில் ஓட்டுவது பற்றிய லின்மோடம்ஸ் தளத்தில் சிப் எண்ணைப் பார்க்காமல் பிசிஐ கார்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

டிஎஸ்எல் (தொலைபேசிக் கம்பியிலேயே வரும் அதிவேக இணைப்பு) வாங்குபவர்கள் ஈதர்நெட் (நெட்வொர்க் கேபிளில் மாட்டும்) மோடம்தான் வேண்டும் என்று அடித்துக் கேளுங்கள். இலவசம் என்று யுஎஸ்பி மோடத்தை நீட்டுவார்கள், வாங்காதீர்கள். ஈதர்நெட் என்றால் 8139 சிப் உள்ள சாதாரண நெட்வொர்க் கார்டும், டிஎஸ்எல் இணைப்பில் உள்நுழையும் பிபிபிஓஇ மென்பொருளும் போதும். ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு) கார்டு என்றால் லினக்ஸின் ஹைசாக்ஸ் டிரைவரின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

"லினக்ஸில் ஓடாவிட்டால் பணம் வாபஸ்" என்று பில்லில் எழுதித் தராத கடையில் மோடம் வாங்காதீர்கள். மேலாளர் அடுத்த வாரம் வருவாராம், அன்றைக்கு மறுபடி போகிறேன். அரை மாதச் சம்பளத்தை இவர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக இல்லை.