நசுங்கல் எடுக்கக் கொடுத்தேன், கதவையே மாற்றிவிட்டார்கள்

நீலகிரியில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் உற்பத்தி நின்றுபோன மாடலை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. சின்ன நசுங்கல், கீறல் என்று பட்டறையில் வண்டியை விடுவதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறது. அதோடு, இந்தக் கைவரிசை ஒரே ஒரு பட்டறையோடு நிற்கிற சங்கதியும் இல்லை.

வண்டி 2003 மாடல் மாருதி ஜென், சில்வர் கலர். அப்பா அரவங்காட்டில் வேலையில் இருந்தபோது வாங்கியது. இப்போது அப்பா இல்லை. வண்டி குன்னூரில் அம்மாவோடு இருக்கிறது, நான் கோவையிலிருந்து லீவு கிடைக்கும்போது போய் ஓட்டுவேன். இந்த ஜென்னை மாருதி 2006-லேயே நிறுத்திவிட்டது. 15 வருடம் முடிந்ததும் எஃப்சி (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி ஆர்சி (பதிவுச் சான்று) புதுப்பித்து, ஐந்து வருடம் கழித்து மறுபடியும் அதே அலைச்சல். "வித்துத் தொலைக்கலாமே" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. சொல்லிவிட்டு அவர்களே கல்யாணத்துக்குப் போக அந்த வண்டியைத்தான் கேட்பார்கள்.

அக்டோபர் கடைசியில் ஒரு ராத்திரி, வீட்டு முன்னால் நின்ற வண்டியை ஒரு காட்டுமாடு உரசிவிட்டுப் போனது. குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டீ எஸ்டேட்டிலிருந்து இறங்கி, தெருவில் நம்மைவிட உரிமையோடு நடக்கிற ஜீவன். அதனிடம் போய் லைசென்ஸ் காட்டு என்றா கேட்க முடியும்? இடது பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி, அதற்கு மேல் விரல்நீளக் கீறல். நல்ல வேளையாகப் பெயிண்ட் வெடிக்கவில்லை. கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டிப் பார்த்தேன், நகம் மாட்டவில்லை. நகம் மாட்டாத கீறல் மேல் பூச்சோடு நின்றுவிட்டது என்று அர்த்தம். காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலே பெரும்பாலும் போய்விடும்.

இன்சூரன்ஸில் போட்டிருக்கலாமே என்பீர்கள். இந்த மாதிரிச் சின்னச் சேதத்துக்கு கிளெய்ம் போடுவதில் லாபமே கிடையாது. ஐந்து வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் ஓன் டேமேஜ் (நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான) பிரீமியத்தில் 50 சதவீதம் வரை போனஸ் கழிவு கிடைக்கும். ஒரே ஒரு கிளெய்ம் போட்டால் அந்தக் கழிவு மொத்தமும் போச்சு. 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் எப்படியும் நம் கையிலிருந்துதான். வண்டிக்குப் பத்து வயது தாண்டிவிட்டால், மாற்றுகிற இரும்புப் பாகத்தின் விலையில் பாதியைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கைக்காசில் செய்துகொள்ளலாம் என்று முடிவெடுத்தேன்.

மலைமேலேயே ஒரு பட்டறை. பெரிய போர்டு, வாசலில் நாலைந்து வண்டி. ஓனர் கதவைத் தட்டிப் பார்த்தார். "டிங்கரிங் பண்ணி, லேசா பட்டி பார்த்து, டச்சப் கொடுத்துடலாம் சார். நாலாயிரத்து ஐநூறு ஆகும்" என்றார். டிங்கரிங் என்றால் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவது, பட்டி என்றால் குழியை நிரப்பிச் சமமாக்க அப்புகிற பசை. பெயிண்ட் போகாததால் உள்பக்கத்திலிருந்து தள்ளி எடுக்க முடியாதா என்று கேட்டேன். "அதெல்லாம் புது வண்டிக்குத்தான் சார்" என்றார். இது சுத்தப் பொய். பெயிண்ட் வெடிக்காத, மடிப்பு விழாத நசுங்கலைக் கதவின் உள்பக்கம் கம்பி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி எடுக்கிற வேலை எந்தத் தகரக் கதவுக்கும் பொருந்தும். பட்டியும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். அதற்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும், அதுதான் அங்கே இல்லை.

நான் கோவை திரும்பியதும் மழை பிடித்துக்கொண்டது. ஊட்டிக்குத் தென்மேற்குப் பருவமழை என்றால் குன்னூர்ப் பக்கத்துக்கு அக்டோபர், நவம்பர்தான் கனமழைக் காலம். மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் போக்குவரத்து நின்று நின்று நகர்ந்த வாரம் அது. அந்த நேரம் பார்த்து போன்: "சார், கதவு முழுசா பட்டி பார்க்கணும், பக்கத்துப் பேனலையும் சேர்த்து அடிச்சாத்தான் கலர் சேரும்." நான் வந்து பார்க்கிற வரைக்கும் எதிலும் கை வைக்க வேண்டாம் என்று சொன்னேன். வாட்ஸ்அப்பிலும் அதையே எழுதிப் போட்டேன். அது இன்று கை கொடுக்கிறது.

ஒரு வாரத்துக்கு மேல் ஆகிப் போய் நின்றால் எல்லாம் முடிந்திருக்கிறது. கதவு, பின் குவார்ட்டர் பேனல் (பின் சக்கரத்துக்கு மேலுள்ள தகடு), முன்கதவில் பாதி என்று அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். பில் 17,800 ரூபாய். பில் என்றால் பில் இல்லை, துண்டுச் சீட்டு. "அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் சார் பண்ணோம்" என்றார் ஓனர். அம்மாவிடம் கேட்டதற்கு, "எப்ப ரெடியாகும்னு நான்தான்டா போன் பண்ணேன், அவங்க எங்க என்னைக் கேட்டாங்க?" என்றார். பணம் கட்டாமல் சாவி தரமாட்டோம் என்றதும், "ஒப்புக்கொள்ளாத வேலைக்கு ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று மெசேஜ் அனுப்பிவிட்டு ஜிபேயில் கட்டினேன். இப்படி மாட்டினால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

பெயிண்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மலையில் இருப்பவர்களுக்கே உரிய தொல்லை. மூடிய பெயிண்ட் பூத், சூடேற்றுகிற வசதி எதுவும் இல்லாமல், தகர ஷெட்டில், மூடுபனி உள்ளே வந்து போகிற நேரத்தில் ஸ்ப்ரே அடித்தால் என்ன ஆகும்? தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு இன்னும் குளிர்ந்து, காற்றிலிருக்கிற ஈரம் பெயிண்ட் மேலேயே படியும். மேற்பரப்பு வெள்ளை பூத்து மங்கிவிடும். அதைவிட மோசம் பட்டி. பட்டி ஈரத்தை உறிஞ்சும். தண்ணீர் விட்டுத் தேய்த்த பட்டி முழுக்கக் காயாமல் அதன் மேல் பெயிண்ட் அடித்தால், வெயில் வந்ததும் உள்ளே இருக்கிற ஈரம் கொப்புளமாகக் கிளம்பும். எனக்கு ஜனவரியில் கிளம்பியது. நவம்பரில் குன்னூரில் திறந்த ஷெட்டில் எவர் பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றாலும், தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நசுங்கல் எங்கேயும் ஓடிப்போகாது.

சில்வர் கலர் தனி வம்பு. அதிலிருக்கிற அலுமினியத் துகள் எப்படிப் படுக்கிறது என்பது தின்னரையும் ஸ்ப்ரே துப்பாக்கியின் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. கலர் குறியீட்டு எண் சரியாக இருந்தாலும் நேரே பார்த்தால் ஒரு நிறம், சாய்வாகப் பார்த்தால் வேறொரு நிறம். இருபது வருட வெயில் பட்ட பழைய பெயிண்ட்டுக்குப் பக்கத்தில் அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். என் வண்டி இப்போது சிம்ஸ் பார்க் பக்கமிருந்து பார்த்தால் ஒரு கார், எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு கார்.

இதோடு முடிந்திருந்தால் மோசமான வேலை என்று திட்டிவிட்டு விட்டிருப்பேன். வண்டி வந்த அன்றைக்கே அம்மா, "என்னடா, கதவு சத்தம் வேற மாதிரி இருக்கு?" என்றார். பட்டி கனமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மழையில் ஓட்டினால் வளைவுகளில் கதவுக்குள் தண்ணீர் ஆடுகிற சத்தம். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியே போகக் கீழ் விளிம்பில் சின்னத் துளைகள் உண்டு. அதைப் பட்டியாலும் பெயிண்ட்டாலும் அடைத்துவிட்டால் தண்ணீர் தேங்கி, கதவு உள்ளேயிருந்து துருப்பிடித்துவிடும்.

மேட்டுப்பாளையத்தில் வயதான டிங்கர் ஒருவர் இருக்கிறார், அப்பாவுக்குப் பழக்கம். அவரிடம் கொண்டுபோனேன். முதலில் மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைக் கதவில் வைத்தார். மேல் பாதியில் ஒட்டியது. கீழே கொண்டு வர வழுக்கி விழுந்தது. "உள்ள தகரமே இல்ல தம்பி, பட்டிதான் இருக்கு" என்றார். பிறகு கதவைத் திறந்து கீல் போல்ட்டைக் காட்டினார். மற்ற மூன்று கதவிலும் போல்ட் தலையில் கம்பெனி பெயிண்ட் அப்படியே இருக்கிறது. இதில் ஸ்பேனர் பட்டு முனை உரிந்து, மேலே புதுப் பெயிண்ட் தெறித்திருக்கிறது. கடைசியாகக் கண்ணாடியின் மூலையைப் பார்க்கச் சொன்னார். காரின் ஒவ்வொரு கண்ணாடியிலும் தயாரிப்பு ஆண்டைச் சொல்லும் பொடிக் குறி ஒன்று இருக்கும். என் வண்டியில் எல்லாக் கண்ணாடியும் ஒரே குறி. இடது பின்கதவில் மட்டும் வேறு.

கதவின் அடி விளிம்பைத் தடவிப் பார்த்தேன். கதவு ஆடிச் சத்தம் போடாமல் இருக்க அப்பா அங்கே ஒரு சைக்கிள் டியூப் துண்டை வெட்டி ஒட்டியிருந்தார். அது இல்லை. அது என் கதவே இல்லை.

எதற்கு இப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்கலாம். உற்பத்தி நின்ற வண்டிக்குத் துருப்பிடிக்காத, பட்டி பார்க்காத, கம்பெனி பெயிண்ட்டோடு இருக்கிற கதவு லேசில் கிடைக்காது. தேடுகிற ஆள் நல்ல விலை கொடுப்பான். உள்ளங்கை அளவு நசுங்கலை அவனுக்குத் தள்ளி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்குக் காயலான் கடைக் கதவில் பட்டியை அப்பி, கலர் சேரவில்லை என்று பக்கத்துப் பேனலையும் அடித்து, அதற்கும் என்னிடமே காசு. திருட்டுக்குக் கூலி கொடுத்த கதை.

பட்டறைக்குப் போய்க் கேட்டபோது முதலில், "நாங்க கதவே கழட்டல சார்." போல்ட்டைக் காட்டினேன். "கழட்டினோம், அதே கதவைத்தான் மாட்டினோம்." பழைய ஆயுத பூஜை போட்டோவில் கதவு திறந்திருக்கிற படம் ஒன்று இருந்தது, டியூப் துண்டு தெளிவாகத் தெரிகிறது. அதைக் காட்டியதும் சுருதி மாறியது. "உங்க கதவு உள்ள துரு சார், அதான் நல்ல கதவாப் போட்டுக் கொடுத்தோம். உங்களுக்கு நல்லதுதானே பண்ணோம்?" என் கதவு எங்கே என்றால், "ஸ்கிராப்ல போயிடுச்சு." ஐந்தாயிரம் திருப்பித் தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். வாங்கவில்லை.

போலீஸில் மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்கியிருக்கிறேன். ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுத்தாயிற்று. பலருக்கு இது பெரிய செலவு, வக்கீல் வேண்டும் என்ற பயம் இருக்கிறது. கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமல் நாமே வாதாடலாம், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. துண்டுச் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள், அதுவே சாட்சி. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள்.

வண்டி விடும்போது நான்கு கதவையும் திறந்துவைத்து, கீல் போல்ட், கண்ணாடிக் குறி, அடி விளிம்பு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, அதைப் பட்டறைக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஒன்றும் பேச வேண்டாம், அனுப்பினாலே போதும். எஸ்டிமேட்டில் "மாற்றுகிற பாகம் இல்லை" என்று எழுதி வாங்குங்கள். ஏதாவது மாற்றினால் பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் நகராதீர்கள், அது குப்பைக்குப் போகிறதாக இருந்தாலும் நம் குப்பை. இன்னொன்று: பிளாஸ்டிக் பம்பர் உள்ளே போயிருந்தால் பட்டறைப் பக்கமே போக வேண்டாம். கொதிக்கிற தண்ணீரை மேலே ஊற்றி, உள்பக்கத்திலிருந்து கையுறை போட்ட கையால் தள்ளினால் பெரும்பாலும் வந்துவிடும்.

பழைய ஜென் வைத்திருப்பவர்களிடம் ஒரு உதவி. குன்னூர், ஊட்டி, மேட்டுப்பாளையம், கோவைப் பக்கம் யாராவது சில்வர் கலரில் இடது பின்கதவு விற்பனைக்கு என்று காட்டினால், அடி விளிம்பைப் பாருங்கள். டியூப்பைப் பிய்த்து எடுத்திருந்தாலும் சொல்யூஷன் ஒட்டிய கறுப்புத் தழும்பு இருக்கும். வாங்காதீர்கள், ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். புகாரோடு சேர்க்க வேண்டும்.