வண்டி பாடி முழுக்க லைனர் கோட்டிங் அடிக்கக் குடுக்கறவங்க, அட்வான்ஸ் போடறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

நேத்து எங்க ஊர் தம்பி ஒருத்தன் போன் பண்ணி, அண்ணா என் மஹிந்திரா தார் ஜீப்புக்கு பாடி முழுக்க பெட் லைனர் கோட்டிங் அடிக்கலாம்னு இருக்கேன், ஒரு கடையில பேசிட்டேன், நாளைக்கு அட்வான்ஸ் போடப்போறேன்னு சொன்னான். அவன்கிட்ட முக்கால் மணி நேரம் பேசுனேன். அதையே இங்க எழுதிடறேன், இன்னும் நாலு பேருக்கு ஆகும்.

எங்க வண்டி 2017 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப், வெள்ளை. அப்பாவும் நானும் சேந்து செகண்ட்ஸ்ல எடுத்தது. கோபி பக்கம் எங்க தோட்டத்துக்குப் போற வழி ரெண்டு பக்கமும் வேலிக்கருவை முள்ளு, ஒவ்வொரு தடவ போய்ட்டு வர்றப்பவும் சைடுல கீறல் விழும், பின்னாடி வாழைத்தாரு மஞ்ச மூட்டைன்னு ஏத்தி எறக்கி தொட்டி பெயிண்ட் எல்லாம் போயிருச்சு. அப்பதான் இந்த லைனர் கோட்டிங் பத்தி வீடியோ பாத்தேன். அமெரிக்கால பிக்கப் வண்டி தொட்டிக்குள்ள அடிக்கறதுக்குன்னு வந்த சமாச்சாரம், சொரசொரன்னு கெட்டியா ரப்பர் மாதிரி நிக்கும், இப்ப வெளி பாடிக்கே முழுசா அடிக்கறாங்க, முள்ளு கல்லு எதுவும் அண்டாது. இது நெஜந்தான். பொருள்ல குறை இல்லைங்க, அத முதல்லயே சொல்லிடறேன். என்னை ஏமாத்துனது கடை.

கடை கோயமுத்தூர் சிட்டிக்கு வெளிய. பேரு போடல, கேஸ் நடக்குது, வக்கீல் போட வேண்டாம்னு சொல்லிட்டாரு. போர்டு பெருசா இருந்துச்சு, வாசல்ல ரெண்டு ஜீப் கோட்டிங் அடிச்சு நின்னுச்சு, நல்லாவே இருந்துச்சு. ஓனர் தன்மையா பேசுனாரு. ராப்டர்ங்கற லைனர் பிராண்டு கிட்டு தான்ங்க போடறோம், ஒரிஜினல், பாடி தொட்டி எல்லாம் சேத்து 85,000 ஆகும், ஆறு நாள்ல வண்டி கையில இருக்கும்னாரு. பில்லு வேணும்னு கேட்டேன், பில்லுன்னா 18 பர்சென்ட் ஜிஎஸ்டி சேருமுங்க, எதுக்குங்க வீணா, நம்ம வாக்கு தானுங்கன்னாரு. நானும் சரின்னுட்டேன். 50,000 ஜிபேல அப்பவே போட்டேன். பில்லு இல்லாம போட்டது தான் நான் பண்ண முதல் தப்பு.

ரெண்டாவது தப்பு, கலர். நான் கறுப்பு கேட்டேன், அவரு ஆலிவ் கிரீன் போட்டா மிலிட்டரி வண்டி மாதிரி கெத்தா இருக்கும்னு ஆச காட்டுனாரு. நல்லவேள நான் ஒத்துக்கல. அப்புறம் தான் தெரிஞ்சுது, 1989 மத்திய மோட்டார் வாகன விதி 121 படி ஆலிவ் கிரீன் ராணுவ வண்டிக்கு மட்டுந்தான், மத்தவங்க அடிக்கவே கூடாது. இதக் கூட சொல்லாம அடிக்கறேங்கறாரு பாருங்க. கறுப்பா மாத்துனாலும் ஆர்சில வெள்ளைன்னு இருக்கு, கலர் மாத்துனா ஆர்டிஓல பர்மிசன் வாங்கி ஆர்சில ஏத்தணும், இன்சூரன்ஸ்க்கும் சொல்லணும். அதெல்லாம் யாருங்க கேக்கறாங்கன்னாரு ஓனர், நானும் ஆர்சில மாத்தாமயே விட்டுட்டேன். மார்ச் மாசம் பண்ணாரி செக்போஸ்ட்ல கேட்டாங்க. அப்பாவ வச்சுக்கிட்டு அரை மணி நேரம் ஓரமா நின்னோம். கடைசில எச்சரிச்சு விட்டுட்டாங்க, ஆனா அந்த அரை மணி நேரம் அப்பா மூஞ்சிய பாக்க முடியல.

சரி, வேலைக்கு வர்றேன். தை மாசம் வண்டிய விட்டேன். ஆறு நாள்னது 23 நாள் ஆச்சு. நடுவுல நான் ரெண்டு தடவ போனேன், ரெண்டு தடவையும் உள்ள விடல, பெயிண்ட் அடிக்கற பூத்துக்குள்ள தூசி வந்துரும்ங்க, வெளிய உக்காருங்கன்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க. கதவு இடுக்கு வழியா பாத்தேன், பூத்துன்னு ஒண்ணு கிடையாது, தகர ஷெட்டுல தார்ப்பாய் கட்டி விட்டிருந்தாங்க, இருபது வயசு கூட இருக்காது ஒரு பையன், மூக்குல கர்ச்சீப் கட்டிக்கிட்டு ஸ்ப்ரே பண்ணிட்டு இருந்தான். அன்னிக்கு எனக்கு அது பெருசா படல. இப்ப நெனச்சா வயித்தக் கலக்குது. ஒரிஜினல் லைனர் டூ-பேக், அதாவது லைனர் தனியா, அத இறுக வைக்கற ஹார்டனர் தனியா வரும், கலந்து தான் அடிக்கணும்; அந்த ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒரு கெமிக்கல் இருக்கு, அத ஸ்ப்ரே பண்றப்ப சுவாசிச்சா ஆஸ்துமா வரும், ஒரு தடவ ஒடம்புக்கு ஒத்துக்காம போச்சுன்னா அப்புறம் கொஞ்சூண்டு பட்டாலும் மூச்சுத் திணறும், அந்தத் தொழிலயே விட வேண்டி வரும். அதுக்கு வெளியில இருந்து குழாய்ல நல்ல காத்து வர்ற மாஸ்க் போட்டுத்தான் அடிக்கணும். கர்ச்சீப் எதுக்கும் ஆகாது. நீங்க எந்தக் கடைக்குப் போனாலும் முதல்ல அடிக்கற பையன் மூஞ்சில என்ன இருக்குன்னு பாருங்க. அந்தப் புள்ளைய பத்திக் கவலப்படாத ஓனர் உங்க வண்டியப் பத்தியும் கவலப்பட மாட்டான்.

டெலிவரி அன்னிக்கு வண்டி அட்டகாசமா இருந்துச்சு, மறுக்கல. பளபளப்பு இல்லாத மேட் பிளாக், சொரசொரன்னு. காலி பாட்டில் நாலு எடுத்து டேபிள்ல வச்சு, பாருங்க உங்க வண்டிக்குப் போட்டதுன்னு காட்டுனாரு. பாட்டில் மேல தூசி படிஞ்சு இருந்துச்சு. எனக்குத் தோணல. ஒரு கிட்டுல நாலு பாட்டில், ஹார்டனர் சேத்தா மொத்தம் 4 லிட்டர், அது ரெண்டு கோட்டு அடிச்சா சுமாரா 100ல இருந்து 125 சதுர அடிக்குத் தான் வரும். ரெண்டு வரிசை சீட்டு இருக்கற டபுள் கேப் வண்டி, பாடியும் தொட்டியும் சேத்தா ரெண்டு மூணு கிட்டாவது வேணும். நாலு பாட்டில்ல எப்படி முடியும்? இந்தக் கணக்க அன்னிக்கே போட்டிருந்தா மிச்சம் 35,000 குடுத்திருக்க மாட்டேன்.

சித்திரைல, கத்திரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, சொந்தத்துல ஒரு கல்யாணம். வண்டி காலைல இருந்து மண்டபத்து வாசல்ல வெயில்ல நின்னுச்சு. அப்பா வெளிய வந்து தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்ட பேசிக்கிட்டே வண்டி மேல சாஞ்சு நின்னாரு. திரும்புனா பட்டு வேட்டி பின்னாடி, சட்டை முதுகு எல்லாம் கறுப்பு. கை வச்சுப் பாத்தேன், பிசுபிசுன்னு ஒட்டுது, விரல் ரேகை அப்படியே பதியுது. மூக்குகிட்ட கொண்டு போனா ரோடு போடற தார் வாசம். அப்பா ஒண்ணுமே சொல்லல, உள்ள போய் ஒரு துண்ட எடுத்து இடுப்புல சுத்திக்கிட்டு பந்தில உக்காந்தாரு. நான் சாப்பிடல.

அடுத்த நாள் சத்தியமங்கலத்துல எங்க மாமாவுக்குத் தெரிஞ்ச பெயிண்டர் மேஸ்திரி ஒருத்தர்கிட்ட கொண்டு போனேன். முப்பது வருஷமா லாரி பாடி பாக்கறவரு. கோட்டிங்க ஒரு பார்வ பாத்தாரு, ஒரு வேஸ்ட் துணில தின்னர நனச்சு கதவு ஓரமா பத்து தடவ தேச்சாரு. துணி கறுப்பாச்சு, வெள்ள பெயிண்ட் தெரிஞ்சுது. தம்பி, இது சேஸிசுக்கு அடில அடிக்கற தார் கோட்டிங், மேல மேட் பிளாக் ஒரு கை அடிச்சிருக்கான், அவ்வளவு தான்னாரு. நெஜமான டூ-பேக் காஞ்சு இறுகிருச்சுன்னா தின்னர் போட்டுத் தேச்சாலும் இப்படிக் கரைஞ்சு வராதாம். இந்தச் சோதனைய எல்லாரும் ஞாபகம் வச்சுக்கோங்க. ஒரு பழைய துணி, கொஞ்சம் தின்னர், கண்ணுக்குத் தெரியாத எடமா பாத்து, கதவுக்கு உள்பக்கமோ பம்பருக்கு அடியிலயோ. டெலிவரி எடுக்கறதுக்கு முன்னாடி, மிச்சப் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி, ஓனர் முன்னாடியே பண்ணுங்க. புதுசா அடிச்சது முழுசா இறுக அஞ்சு ஏழு நாள் ஆகும், அதுக்கு அப்புறம் பண்ணுங்க.

அதுக்கப்புறம் மேஸ்திரி பிரஷர் வாஷ் வச்சு பானட் ஓரத்துல அடிச்சாரு, தோசை பேக்கற மாதிரி பீஸ் பீஸா பேந்து வந்துச்சு. அடியில கம்பெனி பெயிண்ட் பளபளன்னு அப்படியே இருக்கு. எமரி பேப்பர் படவே இல்ல. லைனர் எதுவா இருந்தாலும் பளபளப்பு மேல பிடிக்காதுங்க, 180, 240 நம்பர் பேப்பர் போட்டு மொத்த பாடியும் மங்கலாகற வரைக்கும் தேய்க்கணும், வேக்ஸ் கிரீஸ் எல்லாம் தொடச்சு எடுக்கணும், இரும்பு தெரியற எடத்துல பிரைமர் போடணும். வேலைல பாதிக்கு மேல இது தான், இதுல தான் நாள் போகும், இதத்தான் எல்லாரும் முழுங்கறாங்க. ஏன்னா மேல சொரசொரன்னு அடிச்சுட்டா அடியில தேச்சானா இல்லையா யாருக்குத் தெரியும்? சாதா பெயிண்ட்னா பட்டி சரியில்லைன்னா வெளிச்சத்துல அலை அலையா காட்டிக் குடுத்துரும். இந்த கோட்டிங் எல்லாத்தையும் மூடிரும்.

எங்க வண்டில மூடுனது துரு. பின் சக்கரத்து ஆர்ச்ல ரெண்டு எடத்துல பொரிஞ்சு இருந்துச்சு, குடுக்கறப்பவே காட்டி, இத வெட்டி எடுத்து டிங்கர் பாத்துட்டு அடிங்கன்னு சொல்லியிருந்தேன், வாட்ஸப்ல போட்டோ கூட அனுப்பியிருந்தேன். மேஸ்திரி சுரண்டுனா துரு மேல பட்டி, பட்டி மேல தார். கைல குத்துனா ஸ்குரூட்ரைவர் உள்ள போகுது. அதோட விடல, கதவுக்கு அடில தண்ணி வடியறதுக்கு சின்னச் சின்ன ஓட்ட இருக்குமில்லைங்களா, அது அத்தனையும் அடைச்சிருந்தாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவ கோடை மழை பேஞ்சப்ப கதவத் தொறந்தா உள்ள தண்ணி சளக் சளக்குன்னு சத்தம், அது அப்பவே எனக்குக் கேட்டுச்சு, என்னன்னு புரியல. கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங், கதவு கைப்பிடி எதையும் கழட்டாம மேலயே அடிச்சிருக்காங்க. பீடிங் எல்லாம் புதுசு வாங்க வேண்டியதாச்சு.

கடைக்குப் போனேன். வெயில்ல நிறுத்துனா எந்த கோட்டிங்கும் இப்படித்தாங்க எளகும்னாரு. தின்னர் துணியக் காட்டுனேன், நீங்க எதையோ ஊத்திக் கெடுத்துட்டு வந்து எங்கள கேக்கறீங்களான்னு குரல் மாறிருச்சு. தன்மையா பேசுன அதே மனுசன். அதுக்கப்புறம் என் நம்பர பிளாக் பண்ணிட்டாரு.

ஒரிஜினல் லைனர் அடிச்சிருந்தா எடுக்கறது இத விடக் கஷ்டமாயிருக்கும்னு மேஸ்திரி சொன்னாரு, அது சும்மா தின்னருக்கு வராது, ஹீட் கன் வச்சுக் காட்டிக் காட்டி சுரண்டணும், மிச்சத்த டிஸ்க் போட்டுத் தேய்க்கணும், பாடி தகடே சூடாகி நெளிஞ்சாலும் நெளியும். அதனால நல்ல கடையிலயே அடிச்சாலும் வெளி பாடிக்கு அடிக்கறதுங்கறது கிட்டத்தட்ட திரும்பி வர முடியாத காரியம், இடிச்சுட்டா ஒரு கதவ மட்டும் பெயிண்ட் பண்ணி மேட்ச் பண்றதும் லேசு இல்ல. ரெண்டு தடவ யோசிங்க. எங்களுக்கு ஒம்போது நாள் ஆச்சு எடுக்கறதுக்கு. துரு வெட்டி தகடு வச்சு, பிரைமர் அடிச்சு, பழையபடி வெள்ளையே அடிச்சாச்சு, 62,000. கடைக்கு குடுத்தது 85,000. ஒரு வெள்ளாமைல நின்ன காசு அது.

தொட்டிக்கு மட்டும் லைனர் அடிச்சோம், ஒரிஜினல், மேஸ்திரியே. இந்தத் தடவ நான் ஷெட்லயே உக்காந்திருந்தேன். பாட்டில் சீல் என் முன்னாடி தான் ஒடைச்சாரு, மூணு பங்குக்கு ஒரு பங்கு ஹார்டனர், பாட்டில்லயே கோடு போட்டிருக்கும், அது வரைக்கும் ஊத்தி ரெண்டு நிமிசம் குலுக்கி, கன்ல மாட்டி அடிச்சாரு. ஒரு கோட்டு அடிச்சுட்டு ஒரு மணி நேரம் விட்டுத் தான் அடுத்தது. கலந்தத சுமாரா ஒரு மணி நேரத்துக்குள்ள அடிச்சு முடிச்சிரணும், இல்லைன்னா பாட்டிலுக்குள்ளயே கல்லாயிரும். கல்லாகாம நாள் பூரா டப்பால இருந்து ஊத்தி ஊத்தி அடிக்கறாங்கன்னா அது டூ-பேக்கே இல்ல, அப்பவே வண்டிய எடுத்துட்டு வந்துருங்க. அவரு மாஸ்க் போடாம ஆரம்பிச்சாரு, நான் சண்ட போட்டு, ஈரோட்ல தேடி காத்துக் குழாய் வச்ச மாஸ்க் வாங்கிட்டு வந்து குடுத்தப்புறம் தான் அடிக்க விட்டேன்.

ஏமாந்தவங்க யாராவது இருந்தா 1915ங்கற நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு முதல்ல போன் பண்ணுங்க, தமிழ்லயே பேசலாம். அதுல தீரலைன்னா மாவட்ட நுகர்வோர் கமிசன், குடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும்னா பீஸே கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். பில்லு இல்லையேன்னு நானும் பயந்தேன். ஜிபே ஸ்கிரீன்ஷாட், வாட்ஸப்ல அவரு ராப்டர்னு டைப் பண்ணது, வாய்ஸ் மெசேஜ், துரு போட்டோ, எல்லாத்தையும் வக்கீல் வாங்கிக்கிட்டாரு. எதையும் டெலிட் பண்ணிராதீங்க, போன் மாத்துனா பேக்கப் எடுத்து வைங்க.

அதே ஏரியால இதே மாதிரி பிசுபிசுன்னு ஆன வண்டி யாருக்காவது இருந்தா எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, ஒரே கடையா இருந்தா சேந்தே போடலாம்னு வக்கீல் சொல்றாரு. அடுத்த மாசம் எங்களுக்கு வாய்தா. பானட்ல இருந்து பேந்து வந்த பீஸ் ரெண்ட மேஸ்திரி கவர்ல போட்டு தேதி எழுதி வச்சிருக்காரு, அதையும் அப்பாவோட அந்த வேட்டியையும் எடுத்துட்டுப் போறோம்.