புடெசோனைடு–ஃபார்மோட்டெரால் இன்ஹேலர்: பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

ஆஸ்துமாவுக்காக நான் காலையும் இரவும் இழுப்பது பொடி வகை இன்ஹேலர். அடியைத் திருகினால் ‘டிக்’ என்று சத்தம் வரும். பிறகு வாயில் வைத்து வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். வாயில் ருசியே தெரியாது. மருந்து உள்ளே போனதா என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் சந்தேகம் வரும்.

உள்ளே இரண்டு மருந்துகள். ஃபார்மோட்டெரால் சில நிமிடங்களில் மூச்சுக்குழாயை விரித்துவிடும். புடெசோனைடு என்ற ஸ்டீராய்டு மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆனால் நான் அதிகம் மதிப்பது அதைத்தான்.

ஆஸ்துமா உள்ள பலருக்கு மூச்சுக்குழாய்ச் சுவரில் இருக்கும் டி அணுக்கள் போன்ற நோயெதிர்ப்பு அணுக்களில், இன்டர்லூகின்-5, இன்டர்லூகின்-13 என்ற சமிக்ஞைப் புரதங்களுக்கான மரபணுக்கள் அளவுக்கு மீறி இயங்குகின்றன. முதலாவது, அழற்சியை வளர்க்கும் ஒரு வகை வெள்ளை அணுக்களான இயோசினோஃபில்களைப் பெருக்கிச் சாகவிடாமல் காக்கிறது. இரண்டாவது சளியைக் கூட்டுகிறது. புடெசோனைடு அணுவுக்குள் புகுந்து, அங்கே காத்திருக்கும் ஏற்பியோடு (மருந்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) சேர்ந்து உட்கருவுக்குப் போகிறது. அங்கே ஹெச்டிஏசி2 என்ற நொதியை அழற்சி மரபணுக்கள் இருக்கும் இடத்துக்கு வரவழைக்கிறது. அந்த நொதி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களில் ஒட்டியிருக்கும் அசிடைல் என்ற வேதிக் குறிகளை நீக்கியதும் டிஎன்ஏ இறுகிக்கொள்கிறது, மரபணுக்கள் அடங்குகின்றன. ஆனால் ஏற்கெனவே வந்து குவிந்த அணுக்கள் ஒரே நாளில் போய்விடாது. முழுப் பலன் தெரிய வாரக்கணக்கில் ஆவதும், நிறுத்தினால் தொல்லை திரும்புவதும் இதனால்தான். சிகரெட் புகை இதே ஹெச்டிஏசி2 நொதியின் வேலையைக் குறைத்துவிடும். புகைப்பவர்களுக்கு இந்த மருந்து சரியாகக் கேட்காததற்கு அது ஒரு காரணம்.

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஓர் அண்ணன், “நீல பம்ப் அடிச்சா உடனே தெரியுது தம்பி, இதுல ஒண்ணுமே தெரியலையே” என்பார். அந்த நீல பம்ப், சால்பியூட்டமால். தசையைத் தளர்த்துவதோடு அதன் வேலை முடிந்தது. உள்ளே நடக்கும் அழற்சி அப்படியே இருக்கும். பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் அதை மட்டும் கொடுத்துச் சிகிச்சை செய்வதை, உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019இலேயே கைவிட்டுவிட்டது. அண்ணனிடம் இதை நான் சொல்லாத நாளில்லை.

எனக்குக் கிடைத்த பலனா? நடுராத்திரி இருமல் நின்றது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடியோடு கூடவே நடக்கிறேன். அண்டை நாட்டுக் காட்டுத்தீயால் வரும் புகைமூட்ட நாட்களில் மட்டும் ஜன்னலை அடைத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடுவேன். 2015 செப்டம்பரில் பள்ளிகளையே மூடவைத்த புகை அது. இன்ஹேலர் இருக்கிறதே என்று வெளியே சுற்றக் கூடாது.

குறை என்றால் குரல் கொஞ்சம் கம்மும். இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரலாம். சிங்கப்பூர் ஈரக்காற்றுக்குப் பொடி கட்டிக்கொள்ளும் என்பதால் மூடியை இறுக்கி வையுங்கள், இன்ஹேலருக்குள் மூச்சை ஊதாதீர்கள். அப்புறம், ஆட்டினால் கேட்கும் கலகல சத்தம் மருந்து இல்லை, ஈரம் உறிஞ்சும் பொருள். மருந்து தீர்ந்த பிறகும் அது கேட்கும். எண்காட்டியைப் பார்த்து, தீருமுன்பே அடுத்ததை வாங்கிவிடுங்கள்.