மைட்டர் கேஜா, ஸ்லெட்டா? டேபிள் சாவில் குறுக்கே அறுக்க எது சரி

டேபிள் சா என்பது மேஜை நடுவே வட்ட பிளேடு எட்டிப் பார்க்கும் மின்ரம்பம். அதில் நெடுக்கு அறுப்பு பெரிய விஷயமில்லை. பிளேடுக்கு இணையாக நிற்கும் தடுப்பான ஃபென்ஸை ஒட்டித் தள்ளினால் வேலை முடிந்தது. தகராறெல்லாம் குறுக்கு அறுப்பில்தான். நாலடிச் சட்டத்தில் ஓரடித் துண்டு போட வேண்டும் என்றதும் கை தானாக ஃபென்ஸைத் தேடும். கூடாது. சட்டத்தின் குட்டை முனை மட்டும் ஃபென்ஸில் பட்டுக்கொண்டிருந்தால் மரம் நேராகப் போகாது. கொஞ்சம் கோணினாலும் பிளேடின் பின்பக்கப் பற்கள் மரத்தைத் தூக்கி நம் பக்கமே எறியும். 10 அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 4,000 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர்.

ஆக, போட்டி இரண்டுக்குத்தான்: மேஜைப் பள்ளத்தில் ஓடும் பட்டையும் மரத்தைச் சாய்க்கத் திருப்பக்கூடிய தலையும் கொண்ட, மெஷினோடு வரும் மைட்டர் கேஜ்; மரத்தை மேலே வைத்துத் தள்ளும் பலகையாக நாமே செய்துகொள்ளும் ஸ்லெட்.

கேஜின் பெரிய வசதி, பள்ளத்தில் போட்டவுடன் வேலையைத் தொடங்கலாம். 45 டிகிரி வேண்டுமா, திருகைத் தளர்த்தித் திருப்பினால் போதும். நீளச் சட்டங்களுக்கும் அதுவே லாயக்கு. ஆனால் அதில் பொறித்திருக்கும் கோடுகளை நம்பாதீர்கள், மூலைமட்டம் வைத்துத்தான் 90 பார்க்க வேண்டும். பட்டை பள்ளத்துக்குள் ஆடினால், அதன் பக்கவாட்டில் சென்டர் பஞ்ச் எனும் கூர்முனைக் கம்பியால் நாலைந்து குத்து குத்துங்கள். குழியைச் சுற்றி இரும்பு லேசாகப் புடைத்து ஆட்டம் நின்றுவிடும். கேஜின் தலை சாண் அகலம்கூட இருக்காது. நேரான நீளக் கட்டை ஒன்றை அதில் திருகி, முகத்தில் உப்புத்தாள் ஒட்டினால் மரம் வழுக்காது. இத்தனை செய்தாலும் இரண்டடி அகலப் பலகைக்கு அது உதவாது. தலை மேஜைக்கு வெளியே தொங்கும்.

அந்த இடத்தில்தான் ஸ்லெட் ஜெயிக்கிறது. 12 மி.மீ. பிளைவுட், அடியில் மேஜைப் பள்ளங்களில் ஓடும் இரண்டு ரன்னர், முன்னும் பின்னும் ஒவ்வொரு கட்டை. மரம் மேஜைமேல் உரசாமல் பலகையோடு சேர்ந்தே நகர்கிறது. வெட்டுண்ட துண்டும் கூடவே வருகிறது. பலகையில் இருப்பது பிளேடு தானே வெட்டிக்கொண்ட பிளவு என்பதால் அடிப்பக்கத்தில் சிலாம்பு கிளம்புவதும் குறைவு.

மரம் சாயும் கட்டையை பிளேடுக்கு 90-இல் பொருத்த ஐந்து வெட்டு முறையை விட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒரு சதுரப் பலகையை எடுத்து, வெட்டிய பக்கத்தை ஒவ்வொரு முறையும் கட்டையில் சாய்த்து, நாலு பக்கமும் சுற்றி அறுங்கள். ஐந்தாவதாக முதல் பக்கத்திலேயே அரை அங்குலப் பட்டை ஒன்று எடுங்கள். 300 மி.மீ. பட்டையின் ஒரு முனை 12.4, மறுமுனை 12.0 என்று வெர்னியர் காலிப்பர் காட்டினால், வித்தியாசம் 0.4. பிழை நாலு முறை பெருகியிருப்பதால் நாலால் வகுத்தால் 0.1 மி.மீ. கட்டை திரும்பும் முனையிலிருந்து 300 மி.மீ. தள்ளி, கட்டையை அவ்வளவு நகர்த்தினால் போதும்.

ஸ்லெட்டுக்கும் குறைகள் உண்டு. பிளேடின் உயரத்தில் 12 மி.மீ. அடிப்பலகைக்கே போய்விடும். மழைக்காலத்தில் மர ரன்னர் ஊதிப் பள்ளத்தில் இறுகும். முக்கியமாக, பிளேடின் மேல்மூடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது. நம் பக்கமிருக்கும் பின்கட்டையைத் தாண்டி பிளேடு வெளியே எட்டிப் பார்க்கும் இடமும் கட்டைவிரல் பிடிக்கும் இடமும் ஒன்றுதான். அங்கே தடித்த மரத்துண்டு ஒன்றை ஒட்டிவிட்டுத்தான் முதல் வெட்டே.

ஒரே அளவில் பல துண்டு வேண்டுமென்றால் இரண்டிலும் மரத்தின் முனை முட்டி நிற்க ஸ்டாப் கட்டை வேண்டும். கேஜில் வேலை செய்யும்போது ஃபென்ஸையே ஸ்டாப்பாக்கி வெட்டினால் துண்டு நடுவில் சிக்கிப் பறக்கும். ஒருமுறை என் காதோரம் போய்ச் சுவரில் குழி விழுந்தது. ஸ்டாப்பின் கீழ்மூலையைச் சீவி விடுங்கள், மரத்தூள் ஒதுங்க இடம் வேண்டும். சீவாமல் நான் அறுத்த முக்காலியின் ஒரு கால் குட்டை. தூள் அடைத்த வித்தியாசம்தான்.

ஒன்றுதான் முடியும் என்றால் நான் ஸ்லெட்டையே எடுப்பேன். கையில் பிடிக்கும் வட்ட மின்ரம்பத்தைக் கவிழ்த்துப் பிளைவுட் மேஜைக்கடியில் பூட்டியிருப்பவர்கள், பள்ளமே இல்லையே என்று கேட்பார்கள். மேஜையின் இரு ஓரங்களையும் கவ்வுகிற மாதிரி ரன்னரை வெளிப்பக்கம் வைத்து ஸ்லெட் செய்யலாம். ஓரங்கள் இணையாக இருக்கின்றனவா என்று மட்டும் முதலில் டேப் வைத்துப் பாருங்கள்.