குழந்தைகளின் பொம்மையா, அலமாரிச் சிலையா: எந்தக் கம்பெனியில் வேலை நல்லது?

பொம்மைக் கம்பெனியில் வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் அதை ஒரே தொழிலாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அதற்குள் இரண்டு தொழில்கள் இருக்கின்றன. குழந்தைகள் விளையாடும் பொம்மைகளைச் செய்யும் கம்பெனி ஒரு வகை. பெரியவர்கள் ஆசையாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ளும் ஃபிகர்களையும் (கதாபாத்திரங்களின் உருவப் பொம்மைகள்) சிலைகளையும் செய்யும் கலெக்டிபிள் கம்பெனி இன்னொரு வகை. டிசைன் பிரிவில் முதல் ஐந்து வருடம் பொம்மைக் கம்பெனியில் இருந்தேன், அப்புறம் மூன்று வருடம் கலெக்டிபிள் கம்பெனியில். போன வருடம் மறுபடியும் பொம்மைக்கே திரும்பிவிட்டேன். அதனால் நான் எந்தப் பக்கம் பேசப்போகிறேன் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

எல்லாரும் கேட்கும் விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு இடத்திலும் மேசை நிறைய சாம்பிள் கிடக்கும். கூட வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இந்தப் பொருட்கள் மேல் பைத்தியமாக இருப்பவர்கள்தான், அது இரண்டு இடத்திலும் ஒரு சுகம். கெடு நெருங்கும்போது தூக்கம் கெடுவதும் இரண்டிலும் உண்டு. கெடுவின் தன்மை மட்டும் மாறும். பொம்மைக் கம்பெனியில் ஆண்டுக் கடைசிப் பண்டிகைக் காலத்துக்குள் பொருள் கடைக்குப் போயாக வேண்டும். 1977இல் 'ஸ்டார் வார்ஸ்' படம் இத்தனை பெரிதாக ஓடும் என்று எதிர்பாராத கென்னர் கம்பெனியால் அந்தக் கிறிஸ்துமஸுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க முடியவில்லை. பொம்மை பின்னால் வரும் என்று சொல்லும் சான்றிதழை அட்டைக்குள் வைத்து விற்றார்கள். கலெக்டிபிள் தொழிலில் இதுவே அன்றாட வழக்கம். முதலில் படத்தைக் காட்டி முன்பதிவு, பிறகு உற்பத்தி. தாமதமானால் திட்டு வரும், ஆனால் வாங்குபவர் காத்திருப்பார்.

கலெக்டிபிள் பக்கம் இருக்கும் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆறில் ஒரு பங்கு அளவில் செய்யும் ஃபிகர் ஏறக்குறைய 30 செ.மீ. உயரம் இருக்கும். அதன் கண் சுமார் 5 மி.மீ. அகலம்தான். அதில் கருவிழி அரை மி.மீ. உள்ளே தள்ளி அச்சானால் போதும், முகம் வேறு யாரோ ஆகிவிடும். ஒரு முகத்துக்கு நாங்கள் பதினோரு தடவை திருத்தம் செய்தோம். ஓவியம், சிற்பம், பெயின்ட் அடித்த மாஸ்டர் (ஃபேக்டரி பார்த்துச் செய்ய வேண்டிய மூல மாதிரி), ஃபேக்டரி சாம்பிள், பெட்டி என்று ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கதாபாத்திரத்தின் உரிமையாளரின் அப்ரூவல் வர வேண்டும். ஒருமுறை வந்த குறிப்பு: "வாயின் இடது ஓரம் சோகமாக இருக்கிறது." சிற்பி ஒரு சொல் பேசாமல் உட்கார்ந்து, கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஒரு கோட்டைத் தூக்கினார். சோகம் போய்விட்டது. அந்தக் கையைப் பக்கத்தில் இருந்து பார்த்தது என் பாக்கியம்.

அப்படியிருந்தும் ஏன் திரும்பினேன் என்றால், டெஸ்ட் அறைக்காக.

பொம்மைக் கம்பெனியில் நான் வரைந்த முதல் பொருள் ஒரு சின்ன லாரி, மூன்று வயதுக்கும் கீழே உள்ள குழந்தைகளுக்கு. சக்கரம் 28 மி.மீ. பார்க்க அழகாக இருந்தது. லேபில் அதை 850 மி.மீ. உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின் மேல் ஐந்து தடவை போட்டார்கள். நான்காவது தடவை ஆக்ஸில் கம்பி கழன்று சக்கரம் தனியாக உருண்டு ஓடியது. டெஸ்ட் செய்பவர் அதை எடுத்து ஒரு சின்ன உலோகச் சிலிண்டருக்குள் போட்டார். உள்விட்டம் 31.7 மி.மீ., அடிப்பக்கம் சாய்வாக இருக்கும், சிறு குழந்தையின் தொண்டையைக் கணக்கிட்டுச் செய்தது. சக்கரம் முழுசாக உள்ளே இறங்கிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. சிலிண்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார், அவ்வளவுதான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தச் சக்கரத்தை 40 மி.மீ. ஆக்க வேண்டியிருந்தது. கேட்க எளிது. மோல்டு என்பது உருக்கிய பிளாஸ்டிக்கைச் செலுத்தும் எஃகு அச்சு. பாகத்தைப் பெரிதாக்க எஃகைக் கொஞ்சம் குடைந்தால் போதும், அதனால் சக்கரத்தின் மோல்டு இரண்டு நாளில் முடிந்தது. ஆனால் பெரிய சக்கரம் சுற்ற மட்கார்டில் இடம் வேண்டும். அங்கே பிளாஸ்டிக்கைக் குறைக்க வேண்டும், அதாவது மோல்டில் எஃகைக் கூட்ட வேண்டும். குடைந்த எஃகைத் திரும்ப ஒட்ட முடியாது. வெல்டிங் செய்யலாம், இல்லை அந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு செருகலாம். நாங்கள் துண்டு செருகினோம், மூன்று வாரம் போனது. எங்கே பிளாஸ்டிக்கைக் குறைவாக வைத்துத் தொடங்கினால் பின்னால் திருத்த வழி இருக்கும் என்பதை அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டேன். எந்த வகுப்பிலும் எனக்கு அது கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கரடி பொம்மையின் கண்ணை 90 நியூட்டன் விசையில் இழுத்துப் பார்ப்பது, பட்டனை முறுக்கிப் பார்ப்பது என்று ஒவ்வொரு டெஸ்டும் ஒவ்வொரு பாடம்.

கலெக்டிபிள் கம்பெனியில் இந்த அறையே இல்லை. ஐரோப்பிய விதிப்படி, 14 வயதுக்கு மேற்பட்ட சேகரிப்பாளர்களுக்கு என்று எழுதி விற்கும் சேகரிப்புப் பொருள் பொம்மை என்ற கணக்கிலேயே வராது. அமெரிக்காவில் 12 வயது வரைக்குமான பொருளுக்குத்தான் குழந்தைப் பொருள் விதிகள். அந்தச் சுதந்திரம் இருப்பதால்தான் வாளின் முனை ஊசி மாதிரி இருக்கிறது, மாற்றிப் போடும் கைக்குள் காந்தம் இருக்கிறது. சிற்பத்துக்கு அது நல்லது. ஆனால் பொருள் கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று மூன்று வருடத்தில் ஒரு கூட்டத்தில்கூட யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் அங்கே இல்லை. எனக்குத்தான் அந்தக் கேள்வி இல்லாமல் வேலை வெறுமையாகப் பட்டது.

2007இல் மேட்டல் கம்பெனி லட்சக்கணக்கில் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது பலருக்கும் ஈயம் கலந்த பெயின்டுக்காகத்தான் ஞாபகம் இருக்கும். அந்த ஆண்டு திரும்பப் பெற்றதில் பெரும்பகுதி கழன்று விழக்கூடிய சின்னக் காந்தங்கள் உள்ள பொம்மைகள். குழந்தை இரண்டு காந்தத்தை விழுங்கினால் அவை குடலின் இரண்டு சுவர்களையும் சேர்த்து இழுத்துத் துளைத்துவிடும். அந்தக் காந்தப் பிழை ஃபேக்டரியில் நடந்ததல்ல, தங்கள் டிசைனில் இருந்தது என்று மேட்டல் கம்பெனியே ஒப்புக்கொண்டது. என்னைப் போல மேசையில் உட்கார்ந்து வரைபவரின் பிழை. அதைத் தெரிந்துகொண்டு வரைவதும் தெரியாமல் வரைவதும் ஒன்றல்ல.

வேலை மாறும்போதும் இதுதான் கைகொடுத்தது. போன வருட இன்டர்வியூவில் என் சிலைகளின் படங்களைப் பார்த்து வியந்தார்கள். ஆனால் முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டது அந்த லாரிச் சக்கரத்தைப் பற்றித்தான். மோல்டு, விசை, விழும் உயரம் எல்லாம் தெரிந்தவருக்கு வீட்டு உபயோகப் பொருள், மருத்துவக் கருவி என்று வேறு கதவுகளும் திறக்கும்.

இதெல்லாம் டிசைன் மேசையிலிருந்து சொல்வது. உங்கள் கை சிற்பியின் கை என்றாலோ, பெயின்ட் மாஸ்டர் செய்பவர் என்றாலோ, தயங்காமல் கலெக்டிபிள் பக்கம் போங்கள். அந்தத் திறமைக்கு அங்கே இருக்கும் மரியாதை பொம்மைக் கம்பெனியில் கிடைக்காது. விற்பனைப் பிரிவுக்கு நான் சொன்ன கணக்கு பொருந்தாமல் போகலாம். வேலைப் பாதுகாப்பை வைத்து இரண்டில் ஒன்றைத் தூக்கிப் பேசவும் எனக்குத் துணிவில்லை. 2017இல் டாய்ஸ் ஆர் அஸ் என்ற பொம்மைக் கடைச் சங்கிலி திவாலானபோது அடி வாங்கியது குழந்தைப் பொம்மைத் தொழில். 2023இல் 3 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள தேங்கிய சரக்கை அழிக்கப்போவதாக அறிவித்தது ஃபங்கோ என்ற கலெக்டிபிள் கம்பெனி. நான் இருந்தவை நடுத்தரக் கம்பெனிகள், வகைக்கு ஒன்றிரண்டுதான் பார்த்திருக்கிறேன்.

இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வாங்கியவர்கள் திருப்பி அனுப்பிய பொருட்கள் இருக்கும் அலமாரியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கலெக்டிபிள் கம்பெனியில் அந்த அலமாரியில் இருந்த ஃபிகர்கள் பெரும்பாலும் புத்தம் புதுசு. பெட்டியின் மூலை மடங்கியிருந்ததால் திரும்பி வந்தவை. மடிப்பின் மேல் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருப்பார்கள். இப்போது இருக்கும் கம்பெனியில் நான் முதலில் பார்த்தது ஒரு மஞ்சள் நிற ரயில் பெட்டி. ஒரு மூலை முழுக்கப் பல் தடம், கடித்துக் கடித்து வெளுத்துப் போயிருந்தது. ஒரு துண்டும் உடையவில்லை. அதில் நூலால் கட்டிய சீட்டில் தேதியும், அடுத்த மோல்டில் அந்த மூலையை இன்னும் எவ்வளவு வளைவாக்க வேண்டும் என்ற அளவும் பென்சிலில் எழுதியிருந்தது.