“லிமிடெட் எடிஷன்” என்று நம்பி 46,500 ரூபாய் தொலைத்தேன். வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்

எனக்கு அந்தப் புத்தகத்தை விற்றவன் நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு என்னை பிளாக் செய்துவிட்டான். இருபத்து நான்கு நாளாக “நாளைக்குச் சொல்றேன்க்கா”, “ஓனர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்” என்று இழுத்தவன், நேற்று ஒரே தட்டில் முடித்துக்கொண்டான். இப்போது விடியற்காலை நாலு மணி. கோபம் ஆறிவிட்டால் வெட்கம் வந்து வாயை மூடிவிடும் என்று தெரியும். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

போனது 46,500 ரூபாய். இரண்டு வருஷம் கட்டிய சீட்டுப் பணம்.

நான் கொடைக்கானல்காரி. நாயுடுபுரம் பக்கம் வீடு. அரசுப் பள்ளியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். ஒரு புத்தகத்துக்கு இத்தனை பணமா என்று இந்த இருபத்து நான்கு நாளில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். “ஒரு மோதிரம் வாங்கியிருந்தா கையில இருந்திருக்கும்” என்றாள் தங்கை. அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கும் சொல்கிறேன்.

அப்பா இங்கே ஒரு பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். அந்த வீட்டு அலமாரியில் ஃபைசன் என்ற தாவரவியலாளர் எழுதிய மூன்று தொகுதிகள் இருந்தன. நீலகிரி, பழனி மலையுச்சிகளில் வளரும் தாவரங்களைப் பற்றிய புத்தகம். 1915 முதல் 1920 வரை சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. அப்பாவுக்கு இங்கிலீஷ் ஓர் எழுத்து தெரியாது. கோட்டுப் படங்களைப் பார்த்தே செடியைச் சொல்வார். வேலை முடிந்த பிறகு கையைக் கழுவி வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்த வீட்டம்மாவின் அனுமதியோடு அதைப் பிரித்து எனக்குக் காட்டுவார். 1982இல் குறிஞ்சி பூத்தபோது என்னை மலைமேல் கூட்டிக்கொண்டு போய், “படத்துல பாத்தது இதுதான்” என்றார். எனக்குப் பதினாலு வயது. பங்களா கைமாறியபோது புத்தகங்களும் போய்விட்டன. அப்பா 2016இல் போய்ச் சேர்ந்தார். 2018 பூப்பைப் பார்க்க அவருக்கு இரண்டு வருஷம் போதவில்லை.

அப்படிப்பட்டவள் கண்ணில், பழைய பொருளும் கலைப்பொருளும் வாங்கி விற்கும் ஒரு செயலியில் அந்த விளம்பரம் பட்டது. பழனி மலைத் தாவரங்கள், 24 படங்கள், கல்லச்சில் (கல்லில் படம் வரைந்து அதிலிருந்து) அச்சடித்துக் கையால் வண்ணம் தீட்டியது, கையால் செய்த பருத்தித் தாள், ஓவியரின் கையெழுத்து. லிமிடெட் எடிஷன், மொத்தமே 150 பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் தனி எண். விலை 50,000.

விலையைப் பார்த்ததும் மூடிவிட்டேன். அப்புறம் மறுபடி திறந்தேன். மூன்று நாள் இப்படியே. நாலாம் நாள் ஒரு கேள்வி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவனே போன் செய்தான்.

நான் ஏமாந்தது இந்தப் போனில்தான். அவன் ஒரு பொய்யும் சொல்லாமல் முக்கால் மணி நேரம் பேசினான். இங்கிலாந்துக் கலைஞர் வில்லியம் மோரிஸ் 1896இல் தன் சொந்த அச்சகத்தில் பழைய ஆங்கிலக் கவிஞர் சாசரின் கவிதைகளை அச்சடித்தபோது தாளில் 425, தோலில் 13, அவ்வளவுதான் போட்டார் என்றான். ஹாரி பாட்டர் எழுதிய அம்மா ஒரு கதைப் புத்தகத்தைத் தன் கையாலேயே ஏழே பிரதி எழுதினார், அதில் ஒன்று 2007 ஏலத்தில் 19 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்குப் போனது என்றான். பறவைகளை உயிர் அளவில் வரைந்த ஆடுபானின் புத்தகம் 2010இல் 70 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றதைச் சொன்னான். போனை வைத்ததும் ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மோரிஸைப் பற்றி உண்மை சொன்னவன் தன் சரக்கைப் பற்றியும் உண்மைதான் சொல்வான் என்று என் புத்தி முடிச்சுப் போட்டுக்கொண்டது. இந்த இடத்தை இன்னொரு முறை படியுங்கள். ஊருக்கே தெரிந்த மூன்று உண்மையைக் காட்டித்தான் அவன் நாலாவதாகத் தன் பொய்யை விற்றான்.

மறுநாள் திரும்பக் கூப்பிட்டான். அதற்குள் நான் “மேடம்” இல்லை, “அக்கா” ஆகிவிட்டேன். “அக்கா, உங்களுக்குன்னு ஒரு நம்பர் எடுத்து வச்சிருக்கேன். குறிஞ்சி பன்னெண்டு வருஷத்துக்கு ஒருதடவை பூக்குது இல்ல? 150ல 12ஆம் நம்பர். அதை யாருக்கும் குடுக்க மனசு வரல. நீங்க அந்த மலைக்காரங்க.”

கையில் தேநீர்க் குவளையோடு ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். கண் கலங்கிவிட்டது. அப்பாவைப் பற்றி முந்தின நாள் நான்தான் அவனிடம் சொல்லியிருந்தேன்.

“செயலி வழியா வாங்கினா கமிஷன் போகும்க்கா, நேரா அனுப்பினீங்கன்னா 3,500 உங்களுக்கே மிச்சம்” என்றான். யுபிஐ எண்ணைப் போட்டதும் கடைப் பெயர் வரவில்லை, ஓர் ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். “ஓனரோட அண்ணன் பையன் கணக்குக்கா” என்றான். வீட்டுக்காரர், “யோசிச்சுக்கோ” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். நான் யோசிக்கவில்லை. 46,500 ரூபாயை ஒரே தவணையில் அனுப்பினேன்.

புத்தகம் வந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கதர்த் துணியில் சுற்றி, அரக்கு முத்திரை வைத்து, உள்ளே உண்மைத்தன்மைச் சான்றிதழ் என்று ஓர் அட்டை. கடைசிப் பக்கத்தில் பென்சிலில் 12/150, பக்கத்தில் சாய்ந்த கையெழுத்து. அப்பா படத்துக்கு முன்னால் வைத்து விளக்கேற்றினேன். ஏழு மாதம் எங்கள் வீட்டிலேயே விலை மதிப்புள்ள பொருள் அதுதான்.

போன மாதம் தாண்டிக்குடியில் ஒரு சிநேகிதி வீட்டில் காதுகுத்து. காப்பித் தோட்டக்காரர்கள், வீட்டில் நிறையப் புத்தகம். கூடத்து அலமாரியில் அதே கதர்த் துணியைப் பார்த்தேன். உங்களிடமும் இருக்கிறதா என்று எனக்குச் சந்தோஷம். “52,000 டீச்சர், அவர்கிட்ட சண்டை போட்டு வாங்கினேன்” என்று சிரித்தாள். உங்கள் நம்பர் என்ன என்று கேட்டேன். “பன்னெண்டு. குறிஞ்சிக்காக எனக்குன்னே எடுத்து வச்சதாம்.”

அவள் பிரித்துக் காட்டினாள். 12/150. பந்தியில் சாப்பிடக் கூப்பிட்டது இரண்டு பேர் காதிலும் விழவில்லை.

அன்று ராத்திரியே அவள் பிரதியையும் வாங்கிவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வகுப்பில் மகரந்தம் காட்ட வைத்திருந்த கைலென்ஸை எடுத்தேன். பூவிதழில் தீட்டிய வண்ணமே இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று வரிசையாகப் புள்ளி. கல்யாணப் பத்திரிகையிலும் காலண்டரிலும் இருக்கும் அதே புள்ளி. கையால் வண்ணம் தீட்டினால் தூரிகை எங்காவது கோட்டைத் தாண்டும், எங்காவது கோட்டுக்கு முன்பே நிற்கும். 24 படத்தில் ஒன்றில்கூட ஒரு மயிரிழை தாண்டவில்லை. வாசகங்கள் ஈய எழுத்தில் அச்சானவை என்று எழுதியிருந்தது. ஈய எழுத்து அழுத்தி அடித்தால் தாளின் பின்புறம் விரலுக்குத் தட்டுப்படும். எனக்குத் தட்டுப்பட்டது வழவழப்புதான்.

அப்புறம் அழிப்பான் எடுத்தேன். பிள்ளைகளின் பழைய டப்பாவில் கிடந்தது. 12 என்ற எண்ணின் ஓர் ஓரத்தைத் தேய்த்தேன். அழிந்தது. கையெழுத்தின் வாலைத் தேய்த்தேன். அழியவில்லை. எண் மட்டும் பென்சில், கையெழுத்து அச்சு. இரண்டு பிரதியின் கையெழுத்தையும் போட்டோ எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஒரு மனுஷர் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டால் எங்காவது ஒரு சுழி விலகும். இது அணுவளவும் விலகவில்லை.

அதாவது கையெழுத்தோடு ஆயிரம் பிரதி அச்சடித்து வைத்துக்கொண்டு, யார் போனில் உருகுகிறார்களோ அவர்களுக்குப் பிடித்த எண்ணைப் பென்சிலில் எழுதி அனுப்பலாம். மலைக்காரர்களுக்குப் பன்னிரண்டு. மற்றவர்களுக்குப் பிறந்த தேதியோ கல்யாண நாளோ, யாருக்குத் தெரியும்.

அன்றிலிருந்து நடந்ததைக் கேளுங்கள். அவனிடம் கேட்டதற்கு வந்த முதல் பதில்: “அது ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப்க்கா, ஓவியருக்குன்னு தனியா போடுற பிரதி.” அப்படி ஒரு வழக்கம் உண்மையிலேயே உண்டு. ஆனால் அதில் ஏ.பி. என்று தனியாகக் குறித்திருப்பார்கள், விற்பனைப் பிரதியின் எண்ணைப் போட மாட்டார்கள். சொன்னேன். இரண்டு நாள் மௌனம். அடுத்த பதில், சிநேகிதியிடம் இருப்பதுதான் டூப்ளிகேட், என்னுடையது அசல். அதே நாளில் அவளுக்குப் போன பதில், டீச்சரிடம் இருப்பதுதான் டூப்ளிகேட். இருவரும் போனை நீட்டிக் காட்டிக்கொண்டபோது எனக்குக் கை நடுங்கியது. அப்புறம் ஓனர் ஊரில் இல்லை. அப்புறம் ஓனருக்கு உடம்பு சரியில்லை. அப்புறம், பிரித்த புத்தகத்தைத் திரும்ப எடுக்கும் வழக்கமில்லை. எந்தப் பதிலிலிருந்து நான் “அக்கா”விலிருந்து மறுபடி “மேடம்” ஆனேன் என்று தேடிப் பார்த்தேன். பணம் என்ற வார்த்தையை நான் முதலில் எழுதிய இடத்திலிருந்து.

செயலிக்காரர்களுக்கு மூன்று முறை எழுதினேன். செயலிக்கு வெளியே பணம் அனுப்பியிருப்பதால் தங்களால் உதவ இயலாது என்று மூன்று முறையும் ஒரே வாக்கியம். கடைசியில் புகாரை “தீர்க்கப்பட்டது” என்று குறித்து மூடிவிட்டார்கள். யாருக்குத் தீர்ந்தது? 3,500 ரூபாய் மிச்சம் என்று காட்டியது எதற்கென்று இப்போது தெரிகிறது. அந்த 3,500தான் என்னை வெளியே இழுத்த கயிறு, 46,500ம் அதோடு போனது.

இத்தனை நாளாக இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் ஏன் இப்படி விலை கொடுக்கிறார்கள் என்று எனக்கே புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இரண்டு விதமான அபூர்வம் இருக்கிறது. 1640இல் அமெரிக்காவில் சுமார் 1,700 பிரதி அச்சடித்த, பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய ஒரு புத்தகத்தில் இன்று மிஞ்சியிருப்பது 11. அதில் ஒன்றை 2013இல் ஒரு கோடியே 41 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். அதை அபூர்வமாக்கியது கறையானும் ஈரமும் நெருப்பும் முந்நூற்றுச் சொச்சம் வருஷமும். அதை யாரும் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்ய முடியாது. லிமிடெட் எடிஷன் அப்படியில்லை. அது அச்சடித்த நாளிலேயே அபூர்வம். ஏனென்றால் ஒருவர், “இதற்கு மேல் போட மாட்டேன், கல்லைத் தேய்த்துவிட்டேன்” என்று வாக்குக் கொடுக்கிறார். தாளுக்கும் மைக்கும் நாலாயிரம், ஐயாயிரம் போனால் அதிகம். மீதி நாற்பதாயிரமும் அந்த வாக்குக்குத்தான். மோரிஸ் கொடுத்த வாக்கு நூற்று முப்பது வருஷமாக நிற்கிறது. எனக்கு வாக்குக் கொடுத்தவனின் பெயரே எனக்கு உறுதியாகத் தெரியாது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. தாமஸ் வைஸ் என்று இங்கிலாந்தில் பெரிய பேரெடுத்த புத்தகச் சேகரிப்பாளர். புகழ்பெற்ற கவிஞர்களின் சின்னச் சின்னத் தனிப்பதிப்புகளைத் தானே பழைய தேதி போட்டு அச்சடித்து நூலகங்களுக்கும் பணக்காரர்களுக்கும் விற்றிருக்கிறார். 1934இல் இரண்டு இளம் புத்தக வியாபாரிகள் தாளைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். 1847 என்று போட்ட புத்தகத்தின் தாள், அந்தக் காலத்தில் இல்லாத கூழில் செய்தது. அவர்கள் செய்ததும் தாளை உற்றுப் பார்த்ததுதான். எனக்கும் அதற்கான கண் இருந்தது, லென்ஸ் இருந்தது. ஏழு மாதம் எடுத்துப் பார்க்கவில்லை. அப்பா படத்துக்கு முன்னால் வைத்த பொருளைச் சந்தேகப்பட மனசு வரவில்லை.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், விடிந்துவிட்டது. சுருக்கமாக: செயலிக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும். கடைப் பெயர் இல்லாத கணக்குக்கு அனுப்பாதீர்கள். கடைசிப் பக்கத்தில் அச்சகத்தின் பெயர், ஊர், வருஷம் இருக்கிறதா என்று முன்கூட்டியே போட்டோ கேளுங்கள், என் புத்தகத்தில் மூன்றும் இல்லை. ஓவியரை நேரடியாகத் தேடிக் கேளுங்கள். வந்த அன்றே லென்ஸ் வைத்துப் பாருங்கள். பணம் போனது தெரிந்த அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், என்னைப் போலத் தாமதித்தால் பணம் கணக்கிலிருந்து நகர்ந்துவிடும். நுகர்வோர் உதவிக்கு 1915. ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. நானும் சிநேகிதியும் திங்கட்கிழமை திண்டுக்கல் போகிறோம்.

ஒரே ஒரு உதவி வேண்டும். பழனி மலைப் பக்கமோ நீலகிரிப் பக்கமோ, கதர்த் துணி சுற்றி அரக்கு வைத்த இந்தப் புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 12 என்று இருந்தால் எனக்கு எழுதுங்கள். நீங்கள் மூன்றாவது ஆள்.